ஆயில் ஊற்றாத ப்ளோயர்

எனக்கு வாய் நீளம். அம்மா சொன்னாள், மாமியார் சொன்னாள், கடைக்கு வருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். நான் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. புல்வெட்டி, மரம் அறுக்கும் மெஷின், இலை ஊதும் ப்ளோயர் என்று சின்ன என்ஜின்களைப் பழுது பார்க்கும் கடை எங்களுடையது. என் கணவர் மெஷினைப் பார்ப்பார், நான் மனிதர்களைப் பார்ப்பேன். அவருக்குப் பேச வராது, எனக்குப் பேசாமல் இருக்க வராது. இப்படியே நாங்கள் நன்றாகத்தான் பிழைத்துக்கொண்டிருந்தோம்.

இலை கொட்டும் பருவம் என்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வருஷம் முழுக்க மூலையில் கிடந்த ப்ளோயரை அன்றைக்குத்தான் எடுத்துக் கயிற்றை இழுப்பார்கள். அது சண்டித்தனம் பண்ணும். உடனே தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வருவார்கள். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும், இல்லையென்றால் ப்ளக்கில் கரி பிடித்திருக்கும், அதுவும் இல்லையென்றால் காற்று வடிகட்டியில் ஒரு தோட்டத்து மண்ணே இருக்கும். எல்லாவற்றையும் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, கடைசியில் என்ஜினை ஓடவிட்டு, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகை என் கணவர் சரியான இடத்தில் வைப்பார். அதற்கு மீட்டர் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். காதுதான். "மெக்கானிக் அண்ணன் காதை வச்சாப் போதும்" என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை ஊர் முழுக்கப் பரப்பியது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பருவத்தில் ஒரு நாள் காலை, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் மேனேஜரும் அங்கே வேலை பார்க்கும் தோட்டக்காரரும் ஒரு ப்ளோயரோடும் அதற்கு ஊற்றுகிற பெட்ரோல் டின்னோடும் வந்தார்கள். நாங்கள் போன வாரம்தான் சர்வீஸ் செய்து கொடுத்த மெஷின். தோட்டக்காரர் அதைக் கைக்குழந்தையை வைப்பதுபோல மெதுவாகக் கவுண்டரில் வைத்தார்.

"என்னம்மா வேலை பண்ணிக் குடுத்தீங்க? நேத்து பாதியில நின்னு போச்சு," என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. கடையில் வேறு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொண்டால்தான் இப்படி ஆகும். சீஸ் ஆகிவிட்டது என்போம். இந்த மாதிரி என்ஜினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்ற வேண்டும். கலக்க மறந்தால் இரும்பு இரும்பை உரசி, சூடேறி, இறுகிவிடும்.

என் கணவர் வந்து சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பிஸ்டன் மேல் முள்கரண்டியால் கீறினாற்போல நெடுக்குக் கோடுகள்.

"ஆயில் இல்லாம ஓடியிருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

எனக்கு அது போதும். இந்தப் பருவத்தில் இப்படிச் சீஸ் ஆகி வந்த மெஷின்கள் ஏற்கெனவே சில உண்டு. அத்தனை பேரும் "கலந்தேனே" என்று சாதித்தார்கள். அத்தனை பேருக்கும் நான் சேர்த்து வைத்திருந்த பதில் இவர் தலையில் இறங்கியது.

"ஏங்க, மெஷினை வச்சுப் பிழைக்கிறவருதானே நீங்க? ஆயில் கலக்கணும்னு தெரியாதா?"

"கலந்தேங்க்கா," என்றார் தோட்டக்காரர். "எப்பவும் போலத்தான் கலந்தேன்."

"கலந்தா எங்க போச்சு? தலைக்குத் தேச்சுக்கிட்டீங்களா?"

கடை முழுக்கச் சிரித்தது. அவருக்கு முன்மண்டையில் முடி கிடையாது. அது தெரிந்துதான் சொன்னேன். மேனேஜரும் சிரித்தார். ஒரு நொடி கழித்துத் தோட்டக்காரரும் சிரித்தார். சபையில் தன்னை வைத்து எல்லாரும் சிரிக்கும்போது, கோபப்படவும் முடியாமல் ஓடவும் முடியாமல் ஒரு மனிதன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது.

"இனிமே மெஷின்ல கை வைக்காதீங்க," என்றார் மேனேஜர் அவரிடம். "துடைப்பத்தை எடுத்துப் பெருக்குங்க. மாசக் கடைசியில மத்ததைப் பேசிக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த டின் இங்கயே இருக்கட்டும். இனி நீங்களே கலந்து குடுங்க," என்று பெட்ரோல் டின்னைக் கவுண்டருக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார். மாசக் கடைசியில் பேசுவது என்றால் கணக்கைத் தீர்த்து அனுப்புவது என்று எனக்குத் தெரியும், தோட்டக்காரருக்கும் தெரியும்.

மத்தியானம் கூட்டம் குறைந்தது. காலில் அந்த டின் இடித்தது. தூக்கினால் பாதிக்கு மேல் இருந்தது. ஆயில் கலக்காத வெறும் பெட்ரோல்தானே, சும்மா கிடப்பானேன், என் ஸ்கூட்டரில் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புத்தி போன போக்கைப் பாருங்கள். ஒரு மனிதனைச் சந்தியில் நிறுத்தியது போதாதென்று அவர் கொண்டுவந்த பெட்ரோலுக்கும் ஆசைப்பட்டேன்.

பின்பக்கம் போய் ஸ்கூட்டர் மூடியைத் திறந்துவிட்டு, டின்னை ஒரு கண்ணாடி பாட்டிலில் சாய்த்தேன். பச்சையாக இறங்கியது. இளம் பச்சை. பெட்ரோலில் கலக்க நாங்கள் விற்கிற டூ ஸ்ட்ரோக் ஆயிலின் நிறம் அது. வெறும் பெட்ரோலுக்கு அந்த நிறம் கிடையாது.

வெளிச்சத்தில் ஏமாறுகிறேனோ என்று செய்தித்தாளைக் கிழித்து அதில் கொஞ்சம் சொட்டினேன். வெறும் பெட்ரோலாக இருந்தால் காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆயில் இருந்தால் வடை வைத்த காகிதம்போலக் கறை நிற்கும். விசிறி விசிறிக் காய வைத்தேன். கறை நின்றது. ப்ளோயரின் டேங்கில் மிச்சம் இருந்ததையும் சொட்டிப் பார்த்தேன். அதுவும் நின்றது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

அப்படியானால் என்ஜின் ஏன் இறுகியது? ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை சாம்பல் போல வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் எரிந்தால்தான் இப்படி வெளுக்கும். எத்தனை வருஷமாக என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இது கூடவா தெரியாது? கார்புரேட்டர் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் போகிறது என்பதால் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தேன். திருகு கிட்டத்தட்ட முழுக்க உள்ளே போயிருந்தது. போன வாரம் அதை அங்கே வைத்தது என் கணவர்.

முன்பக்கம் வந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று வேறொரு ப்ளோயரை ஓடவிட்டுத் திருகை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவம் முழுக்க என் காதில் இயர்போன் இருக்கும். அவளோடு போனில் கதை பேச, தங்கை அந்த வருஷம்தான் வாங்கிக் கொடுத்தாள். மாட்டினால் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது, தலைவலியும் வராது. யாராவது கவுண்டரைத் தட்டினால் கழற்றுவேன். அன்று பின்பக்கம் போனபோது கழற்றி மேஜையில் வைத்திருந்தேன். அதனால்தான் எனக்குக் கேட்டது.

என்ஜின் கீச்சென்று கத்தியது. பல் கூசும் சத்தம். அவர் திருகை இன்னும் உள்ளே விட்டார், கத்தல் இன்னும் மேலே போனது. பக்கவாட்டில் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். தாலாட்டுக் கேட்பவர்போல நிம்மதியாக இருந்தது. நான் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தேன்.

"எதுக்கு நிறுத்தினே?"

"கத்துதுங்க."

"எங்க கத்துது? நல்லாத்தானே ஓடுது."

"பெட்ரோல் பத்தாம கத்துது. தெருவுக்கே கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் கவுண்டர் பக்கம் பார்த்தார். காலியாக இருந்த என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அங்க இருக்கேன்னு நினைச்சேன், நிமிர்ந்து பாக்கலை," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டேன். அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"அந்த மெல்லிசு சத்தமெல்லாம் எனக்குக் கேட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. கட்டையா வர்றது கேக்கும், கீச்சுன்னு வர்றது கேக்காது. நீ எதிர்ல உக்காந்திருப்பியா, நான் திருகை உள்ள விட்டுக்கிட்டே போவேன். ஒரு இடத்துல உன் மூஞ்சி சுளிக்கும். அங்கேருந்து கொஞ்சம் வெளிய விட்டா கரெக்டா வந்துடும். அப்படித்தான் வச்சுக்கிட்டிருந்தேன்."

"என் மூஞ்சியப் பாத்தா?"

"ஆமா. உன் மூஞ்சி தப்பாச் சொன்னதே இல்ல. இப்பல்லாம் நீ சுளிக்கிறதே இல்ல. கேட்டுப் பழகிட்டே போலன்னு நினைச்சேன். எங்க நிறுத்தறதுன்னு தெரியாம, குத்துமதிப்பா நிறுத்தினேன்."

ஊரே மெச்சிய காது என் முகத்தில் இருந்திருக்கிறது. நான் அதைப் பொத்திக்கொண்டு தங்கையோடு கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் கோபம்தான் வந்தது. "கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன். நான் மட்டும் என்ன? வீட்டில் டீவி அலறுவதும், குக்கர் விசில் அடிக்க அடிக்க அவர் பக்கத்திலேயே பேப்பர் படிப்பதும் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருந்தது. கேட்டால் உண்மையாகிவிடுமே என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். வெட்கம் அப்போதுதான் பிடித்தது, உள்ளங்காலிலிருந்து. கலந்தேன் கலந்தேன் என்று சொன்ன ஒவ்வொருத்தரும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"அந்தத் தோட்டக்காரரு..." என்றேன்.

"தெரியுது," என்றார் அவர். "வெளிய தெரிஞ்சா கடைக்கு யார் வருவா?"

அன்றே போயிருக்கலாம். குடியிருப்பு ஒன்றும் தூரத்தில் இல்லை. நான் போகவில்லை. மாசக் கடைசிக்குள் மேனேஜர் மறந்துவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ப்ளோயரைச் சும்மா சரி செய்து கொடுத்துவிட்டு, "விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று பெருந்தன்மை வேறு காட்டிவிடலாமா என்று கூட யோசித்தேன். மறுநாளும் கடையில் உட்கார்ந்து வாய் பேசினேன். ஆனால் யார் சிரித்தாலும் எனக்குத் தோட்டக்காரர் சிரித்தது நினைவுக்கு வந்தது.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"காதைப் பத்தியுமா?"

"அதைச் சொல்லாம எப்படிங்க சொல்றது?"

அவர் வெகு நேரம் ஸ்பேனரைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சிலிண்டரு, பிஸ்டன் எல்லாம் புதுசு, நம்ம செலவுன்னு சொல்லு," என்றார் கடைசியில். அது சரி என்பதற்கு அவருடைய பாஷை.

தோட்டக்காரர் வண்டி நிறுத்துமிடத்தில் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு வந்தால் மறுபக்கம் இலை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய இடத்தைத் துடைப்பத்தால் கூட்டச் சொல்வது தண்டனை இல்லாமல் வேறென்ன? என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "வாங்கக்கா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மேனேஜரும் என்னவோ ஏதோ என்று வெளியே வந்தார். நல்லதாயிற்று, இருவர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். எனக்கு, இந்த வாய்க்கு, வார்த்தை தடுக்கியது.

"சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இவரு ஆயில் கலந்துதான் இருக்காரு."

மேனேஜர் முகத்தைச் சுருக்கினார். "அவரே ஒத்துக்கிட்டாரேம்மா. மறந்துட்டேன்னு சாயங்காலமே வந்து மன்னிப்புக் கேட்டாரு. சரி, வயசானவருன்னு நானும் விட்டுட்டேன்."

நான் தோட்டக்காரரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

"ஆமாக்கா. நான்தான் மறந்திருக்கேன்."

"நீங்க மறக்கலைங்க. டின்ல ஆயில் இருக்கு. நானே பாத்தேன்."

"இல்லக்கா. அண்ணன் பாத்துச் சொன்னாரே. அவருக்குத் தெரியாதா? கயிறு இழுத்தாலே கண்டுபிடிச்சிடுவாரு. அவரு காது..."

"அவருக்குக் காது கேக்காது."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வாசலில் இருந்த காவலாளி திரும்பிப் பார்த்தார். அப்புறம் நிறுத்தவில்லை. திருகை வைத்தது, என் முகம், இயர்போன் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க மெஷின் கெட்டது எங்களாலதான். இவர் மேல ஒரு குத்தமும் இல்ல. நாலு பேர் முன்னால இவரை நான் கேவலமாப் பேசினேன், அதுவும் தப்பு," என்றேன். காது மடல் வரைக்கும் சுட்டது.

"அப்ப எங்க மெஷின்?" என்றார் மேனேஜர். எங்கள் செலவு என்றதும், "சரி, அப்ப பிரச்சினை முடிஞ்சுது. நீங்களே மறுபடி மெஷினை வச்சுக்கோங்க," என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு முடிந்துவிட்டது.

தோட்டக்காரர் துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப நான் ஊத்தினேனா?" என்று கேட்டார்.

"ஊத்தியிருக்கீங்க."

"எனக்கு ஊத்தின ஞாபகம் இருந்துச்சு. டின்னைக் குலுக்கினது கூட ஞாபகம் இருந்துச்சு. நீங்க எல்லாரும் அவ்வளவு தீர்மானமாச் சொன்னதும், அது முந்தின வாரத்து ஞாபகமோன்னு ஆயிடுச்சு." அவர் குரல் இறங்கியது. "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான்க்கா ஆரம்பிச்சுது. முதல்ல சின்னச் சின்னதா மறந்தாரு. அப்புறம் வீட்டுக்கு வர்ற வழியையே மறந்துட்டாரு. எனக்கும் வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

வேலை போய்விடுமே என்று பயந்து பழியை ஏற்றுக்கொண்டார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்தது அதற்கு இல்லை.

"ஒரு உதவி பண்றீங்களாக்கா? வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லணும். பேத்தியை ஸ்கூல்லேருந்து நான்தான் கூட்டிட்டு வருவேன். முந்தாநாள் இதைச் சொன்னதுலேருந்து என் பொண்ணு என்னை அனுப்ப மாட்டேங்கறா. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லிவிட்டிருக்கா."

பின்தெருவில்தான் வீடு. வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. மகள் கதவைத் திறந்தாள். ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். பாதியிலேயே என்னைப் பார்ப்பதை விட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் போகலாமா?" என்று அவர் மகளிடம் கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷன், நான் பக்கத்தில் நிற்க, அனுமதி கேட்டார்.

"போங்கப்பா. நேரமாச்சு," என்றாள் அவள்.

அவர் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். மகளும் நானும் வாசலில் நின்றோம். அவர் வேகமாகத்தான் நடந்தார். தெருமுனைக்குப் போனதும் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இடது பக்கம்தானேம்மா?"

"ஆமாப்பா," என்று மகள் கையைக் காட்டினாள். அவர் இடது பக்கம் திரும்பிப் போனார்.

"தினமும் போற வழி," என்றாள் அவள், என்னைப் பார்க்காமலே. "இதுவரைக்கும் ஒரு நாளும் கேட்டதில்ல."